ஈச்சிலம்பற்றில் 4ஜி ரவுட்டர்: கொய்யா மரத்தடி வரைக்கும்தான்

அம்மாவுக்காக டவுனில் வாங்கிய வீட்டு ரவுட்டரைப் பற்றி எழுதுகிறேன். கம்பனிப் பெயர் வேண்டாம், மற்றக் கம்பனியின் சிம்மைப் போட்டுப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. திருகோணமலையில் என் வாடகை அறையில் மூன்று நாள் ஓடவிட்டேன், பிழை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மூதூர் தாண்டி ஈச்சிலம்பற்றுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே சிவப்பு லைட். விறாந்தையில் சிக்னல் ஒரு கட்டை, குசினியில் அதுவும் இல்லை. யன்னல் கம்பியில் கட்டிப் பார்த்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிப் பார்த்து, கடைசியில் வயர் இழுத்துக் கொய்யா மரத்தடிக் கதிரையில் வைத்தபோதுதான் இரண்டு கட்டை வந்தது. மழைக்கு அதன்மேல் அம்மா ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும்.

கஸ்டமர் கெயாரில் பேசிய பிள்ளை மரியாதையானவர்தான். "உங்கட ஏரியாவில கவரேஜ் இருக்கு சேர், வீட்டுக்குள்ள கொஞ்சம் குறையும்" என்றார். விற்கும்போது வீட்டில் கொய்யா மரம் இருக்கா என்று கடையில் யாரும் கேட்கவில்லையே!

சரி, கம்பனியை மட்டும் திட்டிப் பயனில்லை. வீடுகள் ஐதாக இருக்கிற இடத்தில் டவர் அடித்தால் போட்ட காசு வராது என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அதனால்தான் அரசாங்கம் நடுவில் வரவேண்டியிருக்கிறது. இலங்கையின் 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் கிராமச் சேவையையும் நோக்கமாகச் சொல்கிறது, நடைமுறைக்குச் சாத்தியமில்லாத இடம் நீங்கலாக என்று ஓர் ஓட்டையையும் விட்டுவைத்திருக்கிறது. 2003இல் வெளிநாட்டிலிருந்து வரும் கோல்களுக்கு நிமிடக் கணக்கில் ஒரு அபிவிருத்திக் கட்டணம் வந்தது, வசதி குறைந்த இடங்களில் முதலீடு செய்யும் கம்பனிக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தக் கோல்கள் யார் எடுத்தவை? மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சவுதிக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போன நம்முடைய பெண்களும்தான், கார்ட் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது என் மச்சாள் அங்கிருந்து எடுப்பது இமோவில், இன்டர்நெட்டில் பேசும் ஆப் அது. அதில் நிமிடக் கட்டணமும் இல்லை, அந்த அபிவிருத்திக் கணக்குக்கு ஒரு சதமும் போகாது. ஆனால் இமோவுக்கு டேட்டா வேண்டும், டேட்டாவுக்குப் பக்கத்தில் டவர் வேண்டும். இந்தியாவில் 2002இலிருந்து கம்பனிகளின் வருவாயிலேயே 5 சதவீதம் கிராமச் சேவை நிதிக்கு எடுக்கிறார்கள், கோல் வந்தாலென்ன வராவிட்டாலென்ன. (அந்த நிதி முழுக்கச் செலவாகாமல் கிடந்த கதை வேறு.) எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அதோடு, கம்பனிகளைக் கட்டாயப்படுத்துவதென்றால் கவரேஜ் வரைபடத்தில் நிறம் அடித்துக் காட்டுவதை ஏற்காமல், வீட்டுக்குள் எத்தனை கட்டை என்று பார்த்துக் கட்டாயப்படுத்த வேண்டும்.

ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் யாரும் வாங்குவதென்றால், முதலில் அந்தக் கம்பனி சிம் உள்ள யாரையாவது இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, அறைக்குள் இருந்து வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். பகலில் ஓடுவதை நம்பாதீர்கள்.

நேற்றும் மச்சாள் எடுத்தாள். "மாமி, முகத்தைக் காட்டுங்கோ, இருட்டா இருக்கு." அம்மா ஒரு கையில் போன், மற்றக் கையில் டோர்ச், காலடியில் நுளம்புத்திரி.

5க்கு 2. அந்த இரண்டும் டவுனில் ஓடியதற்கு.