ஒரு டிபி பென்டிரைவும் உசிலம்பட்டிக் காதுகுத்தும்

மதுரையில் 450 ரூபாய்க்கு ஒரு டிபி பென்டிரைவ் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கினேன். போனது 450 ரூபாய் மட்டும் என்றால் வெளியே சொல்லியிருக்கக்கூட மாட்டேன்.

உசிலம்பட்டிப் பக்கம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். சீர், கிடா, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் அழுகையைத் தாங்குவது எல்லாம் என் பாடு. எங்கள் பக்கம் இப்போது பல விசேஷங்களில் மொய் எழுத லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாக ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பணத்தைக் கொடுத்து ஊரையும் பேரையும் சொன்னால் கையில் ரசீது வரும். முழுப் பட்டியலைப் பிறகு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். வீடியோ எடுத்த தம்பியும், "அண்ணே, மொத்தம் 180 ஜிபி வருது. பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சின்னக் கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்ற நினைப்பில், "லேப்டாப்ல போட்டுக் காட்டுங்க" என்றேன். போட்டார். 931 ஜிபி என்று காட்டியது. "ஆயிரம் இருக்கணுமே, மிச்சம் 69 எங்கண்ணே?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணும், அதனால் ஒரு டிபி எதை வாங்கினாலும் 931தான் காட்டும் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு சுத்தமாகக் கணக்குச் சொல்கிறவர் ஏமாற்றுவாரா என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். எங்கேயும் போகாத 69 ஜிபிக்கு மல்லுக்கட்டிவிட்டு, இல்லவே இல்லாத 900 ஜிபியைக் கோட்டை விட்டேன்.

வீடியோவை ஏற்ற ஒரு ராத்திரி முழுக்க ஆனது. நொடிக்கு 5 எம்பி வேகம்தான். கம்ப்யூட்டர் பழசு என்று அதன் மேல் பழியைப் போட்டோம். காலையில் கடைசியாக ஏறிய கோப்பைத் திறந்தோம், ஓடியது. அடுத்த நாள் மொய்க்காரரிடம் போய்ப் பட்டியலையும் அதிலேயே வாங்கி, அங்கேயே திறந்து பார்த்துக்கொண்டேன். வீடியோ தம்பி பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு அவரிடம் இருந்ததை அழித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. "வீட்டுல ஒருக்கா பாத்துக்கங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னவர் அவர்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அக்கா டிவியில் போடச் சொன்னது. சீர்த்தட்டு வருகிறது, மேளம் வருகிறது. அடுத்த கோப்பு திறக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. பெயர் இருக்கிறது, அளவுகூடச் சரியாகக் காட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. பத்திரிகையில் பேர் போட்டு விசேஷத்துக்கு வராத சொந்தக்காரர் மாதிரி. காது குத்திய காட்சியே போய்விட்டது. மச்சான் மெதுவாக, "மொய் லிஸ்ட்டு இருக்குல்ல மாப்ள?" என்றார். அதுவும் திறக்கவில்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் எங்கள் ஊரில் அடுத்த விசேஷத்துக்குப் போய் நிற்க முடியுமா? நல்லவேளை, மொய்க்காரரின் லேப்டாப்பில் பட்டியல் அப்படியே இருந்தது. இந்த முறை காகிதத்தில் அடித்து வாங்கி, எனக்கே ஒரு மெயிலும் அனுப்பிக்கொண்டேன்.

இந்தப் போலி எப்படி வேலை செய்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். உள்ளே இருப்பது சின்ன மெமரி சிப். அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரை, கேட்டால் ஒரு டிபி என்று சொல்லும்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை நம்பிவிடும். இடம் தீர்ந்த பிறகு வருவதை அது வாங்கிக் காற்றில் விடும், இல்லையென்றால் பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் ஆரம்பப் பகுதியில் இருப்பதால் அது மட்டும் தப்பிக்கும். ஏற்றிய கையோடு திறந்தால் ஓடுகிறதே என்றால், அந்தக் கோப்பு இன்னும் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமில் நிற்கிறது. நாம் பார்ப்பது அந்தப் பிரதியை.

ஆகவே ஏற்றி முடித்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து, பிடுங்கி, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிக் கடைசிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். இதை மட்டும் செய்திருந்தால் அந்தப் பதினைந்து நாளுக்குள்ளேயே எனக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வாங்கியதைக் காலியாக இருக்கும்போதே சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். ஆனால் 5 எம்பி வேகத்தில் ஒரு டிபியை நிரப்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு வேலிடிரைவ். அங்கங்கே தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். என்னுடையதில் உண்மையாக இருந்தது 29 ஜிபியும் கொஞ்சமும். அதாவது ஒரு சாதாரண 32 ஜிபி பென்டிரைவ்.

கடைக்குப் போனேன். "ஓட்டிப் பாத்துத்தானே தம்பி எடுத்தீங்க? ஒரு மாசம் கழிச்சு வந்தா நான் என்ன செய்ய?" என்றார். பில் கேட்டபோது அன்றைக்கே சிரித்து மழுப்பியவர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் கொண்டுபோனால் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். எனக்கு அந்த 30 நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் ஜிபேயில் கட்டியதால் தேதியும் தொகையும் போனில் இருந்தன. அதைக் காட்டி, "தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இங்கேயே நின்னு போன் போடவா?" என்றேன். கூட்டம் சேருவதைப் பார்த்து 250 ரூபாயை எடுத்து நீட்டினார். மீதி 200க்காகச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போட்டிருக்க வேண்டும்.

பென்டிரைவை அவர் திருப்பிக் கேட்கவில்லை. முன்பகுதியில் 25 ஜிபிக்கு மட்டும் ஒரு பார்ட்டிஷன் போட்டு, மிச்சத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன். மச்சானின் டிராக்டரில் அதில்தான் பாட்டு ஓடுகிறது.