கமினோ டி சாண்டியாகோ: பிரெஞ்சு வழியின் யாத்ரீகர் சத்திரங்கள் எப்படி?

ஸ்பெயினின் சாண்டியாகோ நகரப் பேராலயத்துக்கு நடந்து போகும் கிறிஸ்தவ யாத்திரைதான் கமினோ டி சாண்டியாகோ. அதன் வழிகளில் ஒன்றான பிரெஞ்சு வழி, பிரான்ஸ் எல்லையோரத்துச் சேன்-ஜான்-பியே-டு-போரில் கிளம்பி சாண்டியாகோ வரை சுமார் 780 கிலோமீட்டர். பெரும்பாலோர் 30 முதல் 35 நாளில் நடந்து முடிக்கிறார்கள். வழி தவறுவோமோ என்ற பயம் வேண்டாம். ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா 1984-ல் தீட்டத் தொடங்கிய மஞ்சள் அம்புக்குறிகள் கடைசிவரை கூடவே வரும். யாத்திரை நல்லபடியாக அமைவதும் அமையாததும் பெரிதும் இரவு எங்கே படுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இங்கே சத்திரங்களைப் பற்றி மட்டும்.

அல்பெர்கே என்று அங்கே சொல்வது நம் சத்திரத்தைத்தான். நகராட்சியோ மாநில அரசோ நடத்துவது, தேவாலயமோ மடமோ நடத்துவது, தனியார் நடத்துவது என்று மூன்று வகை. முதல் இரண்டிலும் தங்க கிரெதென்சியால் என்ற யாத்ரீகர் அட்டை கட்டாயம். கிளம்பும் ஊரிலேயே யாத்ரீகர் அலுவலகத்தில் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு இரவும் அதில் ஒரு முத்திரை விழும். கடைசி 100 கிலோமீட்டரை மட்டும் நடக்கப் பலர் கிளம்பும் ஊர் சாரியா. அந்தக் கடைசி 100 கிலோமீட்டரில் எல்லாரும் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்க வேண்டும், இல்லையென்றால் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்காது.

அரசுச் சத்திரங்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முந்தி வந்தவருக்கே கட்டில். நடந்து வருபவருக்கு முன்னுரிமை, சைக்கிளில் வருபவர் காத்திருக்க வேண்டும். பையை வண்டியில் அனுப்பிவிட்டுக் கைவீசி வருபவர்களின் பையை, சாண்டியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசுச் சத்திரங்கள் வாங்கி வைப்பதில்லை. மதியம் ஒரு மணியை ஒட்டித் திறப்பார்கள், இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு, காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும். உடம்பு முடியாதவர் தவிர யாருக்கும் இரண்டாவது இரவு இல்லை. கெடுபிடியாகத் தோன்றும் இந்த விதிகள்தான் பத்து யூரோவை ஒட்டிய வாடகையில் தினமும் புதிதாக வருபவர்களுக்குக் கட்டிலை மிச்சம் வைக்கின்றன.

முதல் நாளே கடினமான நாள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேலான மலை உயரம் வரை ஏறி இறங்கி ரொன்செஸ்வாயெஸ் சேர வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைவழி மூடியிருக்கும், பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். ரொன்செஸ்வாயெஸ் மடத்துச் சத்திரம் இந்தப் பாதையிலேயே ஒழுங்காக நடக்கும் பெரிய சத்திரங்களில் ஒன்று. நெதர்லாந்துத் தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். நான்கு நான்கு கட்டிலாகத் தடுப்பு வைத்திருப்பதால் ஓரளவு தனிமை உண்டு. பூட்ஸைக் கீழே தனி அறையில் விட்டுவிட வேண்டும். ஒரே மாதிரிப் பூட்ஸ் பத்து ஜோடி இருக்கும், இருட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வண்ண நாடா ஒன்றைக் கட்டி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நாங்கள் மனதாரப் பரிந்துரைப்பது தேவாலயச் சத்திரங்களை. பலவற்றில் வாடகை கிடையாது, 'தொனாத்திவோ' (நன்கொடை) என்று எழுதிய பெட்டி மட்டும் இருக்கும். இலவசம் என்று அதற்குப் பொருள் இல்லை. நேற்று வந்தவர் போட்ட காசில்தான் இன்றைய இரவுச் சாப்பாடு வேகிறது. கையில் காசு உள்ளவர்கள் தனியார் விடுதிக்குக் கொடுக்கும் தொகையைத் தயங்காமல் போடுங்கள்.

கிரான்யோன் ஊரில் தேவாலயத்தோடு ஒட்டிய பழைய கட்டடத்தில் தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். அங்கே காசுப்பெட்டி திறந்தே கிடக்கும். முடிந்ததைப் போடு, தேவைப்பட்டால் எடுத்துக்கொள் என்று மேலே எழுதியிருக்கும். ஒருவர் வெங்காயம் நறுக்க, இன்னொருவர் தட்டு அடுக்க, மூன்றாமவர் பாத்திரம் கழுவ, மொழி தெரியாதவர்களும் அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள். இத்தேரோ பாலத்தருகே சான் நிக்கோலாஸில் இத்தாலியர்கள் நடத்தும் சத்திரம் மிகச் சிறியது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் இரவுச் சாப்பாடு. அதற்கு முன் யாத்ரீகரை உட்காரவைத்து, கிண்ணத்தில் பாதத்தை ஏந்தி, நீர் வார்த்துத் துடைத்துவிடுகிறார்கள். கொப்புளம் வெடித்து, நகம் கறுத்துப்போன அந்தக் காலை ஒரு அந்நியர் கையில் ஏந்தும்போது பலருக்குக் கண் கலங்கிவிடும். கார்ரியோன் தெ லோஸ் கொண்டெஸில் கன்னியாஸ்திரிகள் யாத்ரீகர்களோடு உட்கார்ந்து பாடுகிறார்கள். மறுநாள் கால்சதீயா வரை 17 கிலோமீட்டருக்கு ஊரே இல்லை, இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

ஒஸ்பித்தலேரோ எனப்படும் பொறுப்பாளர்கள் இத்தகைய இடங்களில் பெரும்பாலும் தாங்களே இந்தப் பாதையை நடந்தவர்கள். விடுமுறையில் வந்து சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். நீங்கள் நொண்டுவதைப் பார்த்தே எந்தக் காலில் கொப்புளம் என்று சொல்லிவிடுவார்கள். ஊசியால் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைக்கும் வழக்கத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், நூல் வழியே கிருமி ஏறும்.

சக யாத்ரீகர்களின் நட்பு சத்திரத்தில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் நடப்பதால் ஒரே நாளில் கிளம்பியவர்கள் ஒரே அலையாக நகர்கிறார்கள். இன்று எதிர்க் கட்டிலில் படுத்தவர் நான்கு நாள் கழித்து இன்னொரு ஊரில் உங்களுக்காக நாற்காலி இழுத்துப் போடுவார். தினமும் தனியறை எடுப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

குறைகளும் சின்னவை அல்ல. முதலாவது மூட்டைப்பூச்சி. பையை ஒருபோதும் கட்டில்மேல் வைக்காதீர்கள். மெத்தைத் தையலோரங்களிலும் கட்டில் சட்டத்தின் இடுக்கிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உடனே சொல்லி வேறு கட்டில் கேளுங்கள். கடி வரிசையாக மூன்று நான்கு தடிப்பாகத் தெரிந்தால் துணி அத்தனையையும் 60 டிகிரியில் துவைத்து, சூடான டிரையரில் அரை மணி நேரம் போட வேண்டும். மறைத்துக்கொண்டு அடுத்த சத்திரத்துக்குப் போனால் அங்கேயும் பரவும்.

அடுத்தது தூக்கம். குறட்டைக்கு இயர்பிளக் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று சுருட்டுபவர்களுக்குத்தான் மருந்தில்லை. முந்தைய இரவே துணிப்பையில் கட்டி வைத்துவிடுங்கள். கலீசியச் சத்திரங்கள் பலவற்றில் அடுப்பு பளபளவென்று இருக்கும், ஒரு சட்டி இருக்காது. அங்கே சமைக்கலாம் என்று அரிசி, பாஸ்தா சுமந்து போவது வீண். மெத்தைக்கும் தலையணைக்கும் காகித விரிப்பு தருவார்கள், போர்வை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கோடையில் மெல்லிய லைனர் (துணியாலான படுக்கை உறை) போதும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இலேசான ஸ்லீப்பிங் பேக் வேண்டும்.

சாரியாவுக்குப் பிறகு கூட்டம் சட்டென்று பெருகும். புனித யாக்கோபு திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டைப் புனித ஆண்டு என்பார்கள். அப்போது இன்னும் மோசம், அடுத்தது 2027. அந்தப் பகுதியில் மட்டும் தனியாரிடம் முன்பதிவு செய்துகொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு முன்னாலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஒரு தனியறை எடுத்து, துணி துவைத்து, நன்றாகத் தூங்கிவிடுங்கள்.

கடைசி இரவுக்கு, சாண்டியாகோவை ஒட்டிய மோன்தே தோ கோசோ குன்றின் பெரிய சத்திரம் வசதி. பேராலயத்துக்கு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். காலையில் நிதானமாக இறங்கினாலும் சான்றிதழுக்கு வரிசையில் நின்றுவிட்டு நண்பகல் பூசைக்குப் போய்விடலாம். பேராலயத்துக்குள் முதுகுப்பையை விடமாட்டார்கள், முதலில் அதை வைக்க ஓர் இடம் பாருங்கள்.