மிதித்தால் திறக்கும் கோழித் தீவனப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? என் 4,350 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வயிறு எரிகிறது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கொல்லையில் 11 சிறுவிடைக் கோழிகளும் (சின்ன உருவ நாட்டுக்கோழி) ஒரு சேவலும் இருக்கின்றன. கோழிக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் என்று வைத்தால் ஒன்றேகால் கிலோ போதும். எங்களுக்கோ 2 கிலோ ஆகிறது. தட்டில் கொட்டியதும் காகமும் மைனாவும் வந்துவிடும், அப்புறம் அணில். ராத்திரி மிச்சம் மீதிக்குப் பெருச்சாளி. அதனால்தான் மிதிப்பலகை வைத்த தகரப் பெட்டி தேடினேன். கோழி பலகையில் ஏறினால் அதன் எடைக்கு மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். காகத்தின் எடைக்குத் திறக்காது.

பண்ணைச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் போன் செய்தே கேட்டேன்: "தம்பி, எங்களுடையது சின்னக் கோழி, மிதித்தால் திறக்குமா?" அந்தப் பையன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அக்கா, எங்க வீட்லயே நாட்டுக்கோழிக்கு இதைத்தான் வெச்சிருக்கோம். எங்க அம்மாதான் பார்த்துக்கிறாங்க, தைரியமா வாங்குங்க" என்றான். அம்மா என்று சொன்னதில்தான் நான் விழுந்தேன். வீடியோவும் அனுப்பினான். அதில் மிதித்ததெல்லாம் கொழுத்த பழுப்பு நிற வெளிநாட்டுக் கோழிகள் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. முன்பணமாகக் கட்டினால் 200 ரூபாய் குறையும் என்றான். அவன் தந்த நம்பருக்கு 4,350 ரூபாயை அன்றைக்கே ஜிபே செய்தேன்.

பெட்டி வந்தது. கோழி ஏறி நின்றது, பலகை அசையவே இல்லை. இரண்டு கோழிகள் சேர்ந்து ஏறினால்தான் மூடி தூக்கியது. தெருமுனை மளிகைக் கடைக்குத் துணிப்பையில் ஒரு கோழியைக் கொண்டுபோய் எடை போட்டேன்: 1 கிலோ 200. வீட்டுக்கு வந்து பலகையில் ஒவ்வொரு கல்லாக அடுக்கி, அந்தக் கற்களை எடுத்துப்போய் நிறுத்தேன்: 2 கிலோ 100. என் கோழி எப்படித் திறக்கும்?

தனியாக ஏறினால் சேவலுக்கு மட்டும்தான் திறந்தது. அதுவே வினையாகிவிட்டது. மூன்றாம் நாள் சேவல் மிதித்து நிற்க, பக்கத்திலிருந்து இரண்டு பெட்டைகள் தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தன. சேவல் சட்டென்று இறங்கியது. மூடி 'டப்' என்று விழுந்து ஒரு பெட்டையின் கொண்டையைக் கிழித்துவிட்டது. தகர விளிம்பை மடித்துக்கூட விடவில்லை, பிளேடு மாதிரி இருக்கிறது. மஞ்சள் வைத்து ரத்தத்தை நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒரு கோழிகூட அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு மழைக்கே மூலையில் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மக்காச்சோளம் கட்டி கட்டியாகப் பூஞ்சை பிடித்தது. பூஞ்சை பிடித்த சோளம் கோழிக்கு விஷம். 4 கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

போன் செய்தேன். "பழக்கணும்க்கா, பத்து நாள் ஆகும்" என்றான். கொண்டை கிழிந்த போட்டோ அனுப்பினேன். "வீடியோவா அனுப்புங்க." அனுப்பினேன். "தீவனம் போட்டுட்டீங்களே, யூஸ் பண்ண பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." தீவனம் போடாமல் தீவனப் பெட்டியை எப்படிச் சோதிப்பது? அப்புறம் வேறு ஒருவர் பேசினார், "மேனேஜர்கிட்ட சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார். இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. 4,350 ரூபாய்! எங்கள் வீட்டு முட்டை விற்று நான் சேர்த்த காசு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்தது என்று ஆன்லைன் கடை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துத் தர வேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனசு சரியில்லை. இதை மட்டும் செய்யுங்கள். எத்தனை கிலோவுக்கு மூடி திறக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். மூடி மெதுவாக இறங்குகிறதா, விளிம்பு மடித்திருக்கிறதா என்று பாருங்கள். தனி நம்பருக்குப் பணம் போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். சிறுவிடைக்கு இந்தப் பெட்டிக்குப் பதிலாக, தீவனம் கொட்ட 4 அங்குல பிவிசி குழாயின் அடியில் எல்போ (வளைவுத் துண்டு) மாட்டி, வாய் கோழியின் முதுகு உயரத்தில் இருக்கும்படி கட்டினாலே கிளறிச் சிந்துவது குறைகிறது. ராத்திரி மட்டும் வாயை மூடிவிட வேண்டும், பெருச்சாளிக்காக.

கொண்டை கிழிந்த கோழி இன்றுதான் எழுந்து கம்பு பொறுக்கியது.