துலிப்பா, டாஃபோடிலா? மூன்றாம் வசந்தத்தில் மிஞ்சுவது எது

செப்டம்பர் பிறந்ததும் ரொறன்ரோ வட்டாரத்துக் கடைகளில் வலைப்பைகளுக்குள் பூச்செடிக் கிழங்குகள் வந்து தொங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பையின் முகப்பிலும் ஒரு படம். எல்லாப் பூவும் ஒரே வெயிலில், ஒரே மினுமினுப்பில் சிரிக்கும். படத்தைப் பார்த்து வாங்குகிறவர் துலிப்பைத்தான் கையில் எடுப்பார். நிறம் அப்படி இழுக்கும். பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தொங்கும் டாஃபோடில் கொஞ்சம் சோகையாகத் தெரியும். கிழங்குக்குக் கிழங்கு கணக்குப் பார்த்தால் அதன் விலையும் பெரும்பாலும் சற்றுக் கூடுதல்.

நான் இரண்டையும் அளக்கும் கோல் வேறு. நட்ட மூன்றாம் வசந்தத்தில் அந்த இடத்தில் என்ன நிற்கிறது? அப்படி அளந்தால் டாஃபோடில் அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் வெல்லும். துலிப் வெல்லும் தோட்டமும் ஒன்று உண்டு. அது நம்மவர் பலருடைய பின்வளவாகவே இருப்பதுதான் வேடிக்கை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மண்ணுக்குள் நடப்பது

துலிப்பின் தாய்வீடு மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள்: தியான் ஷான், பாமிர் பக்கம். அங்கே கடுங்குளிர், பனி உருகும்போது கொஞ்ச நாள் ஈரம், பிறகு கல்லும் சுடுகிற வறண்ட கோடை. ரொறன்ரோ இருக்கும் தென் ஒன்ராறியோ முதல் இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறது, மூன்றாவதைக் கொடுப்பதில்லை. இங்கே ஜூலையிலும் மழை பெய்கிறது. போதாததற்கு, கத்தரிக்கும் மிளகாய்க்கும் என்று மாலை தவறாமல் நாமும் குழாயைத் திறக்கிறோம். காய்ந்து கிடந்து ஓய்வெடுக்க வேண்டிய கிழங்கு, களிமண்ணுக்குள் ஊறிக் கிடக்கிறது. புதுக்குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் களிதான்.

இன்னொரு காரணம் கிழங்கின் பிறப்பிலேயே இருக்கிறது. நீங்கள் நட்ட துலிப் கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். வாழை கன்றை விட்டுவிட்டுச் சாவதைப்போல, அது பூத்து முடித்து, தன் இடத்தில் சேய்க்கிழங்குகளை விட்டுவிட்டு மறைந்துவிடும். மண்ணும் வெயிலும் ஒத்துவந்தால் அவற்றில் ஒன்று பூக்கும் அளவுக்குப் பருக்கும். ஒத்துவராவிட்டால் நாலைந்து பொடிக்கிழங்குகளாகச் சிதறிவிடும். அடுத்த ஏப்ரலில் அகலமான ஒற்றை இலை மட்டும் எட்டிப்பார்க்கிறதே, பூவே இல்லாமல், அது இந்தப் பொடிதான்.

டாஃபோடில் வேறு குணம். ஸ்பெயின், போர்த்துகல் தொடங்கி மேற்கு ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகள்வரை அதன் உறவினர்கள் பரவிக் கிடக்கிறார்கள். களியையும் கோடை மழையையும் ஓரளவு தாங்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் குழி மட்டும் ஆகாது. அதன் கிழங்கு ஆண்டுதோறும் உள்ளிருந்து புதுப்பித்துக்கொண்டு, பக்கத்தில் பிள்ளைக்கிழங்குகளையும் ஈன்று, கொத்தாகப் பெருகும். சில ஆண்டுகளில் நெரிசலாகிப் பூக் குறைந்தால், இலை மஞ்சளானதும் தோண்டிப் பிரித்து நட்டால் போதும்.

அணில்

இந்தப் போட்டியின் நடுவர் இவர்தான். ஊரில் முதுகில் ராமர் தடவிய கோட்டோடு திரிகிற சிறுபிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பூனைக்குட்டிப் பருமனில், சாம்பலும் கறுப்புமாக, மதில் மேலிருந்து நீங்கள் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். துலிப் கிழங்கு அதற்குத் தின்பண்டம். நாஜி ஆக்கிரமிப்பின் கடைசிக் குளிர்காலமான 1944–45இல், பஞ்சத்தில் தவித்த நெதர்லாந்து மக்களே துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள் என்றால் அணிலைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

டாஃபோடிலை அணில் தொடாது. கிழங்கு, இலை, தண்டு எல்லாவற்றிலும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. முயலும் மானும்கூட விலகிப் போகும். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில் ஒரு முறை தோண்டிப் பார்க்கும். டாஃபோடில் என்று தெரிந்ததும் வெளியே எறிந்துவிட்டுப் போகும். நீங்கள் எடுத்துத் திரும்பப் புதைக்கலாம்.

துலிப்பைக் காக்க மிளகாய்த்தூள் தூவுவது நம் வீடுகளில் பிரபலமான வைத்தியம். முதல் மழையோடு அது போய்விடும். நம்பத்தக்கது கோழிவலைதான்: கிழங்கை நட்டு, மண் மூடி, மேலே வலையை விரித்து, விளிம்புகளில் கல் வைக்க வேண்டும். தளிர் முளைக்கும்போது எடுத்துவிடலாம். கிழங்கிலிருந்து உதிரும் பழுப்புத் தோலை மண்ணின் மேல் விடாமல் பொறுக்கிவிடுங்கள். அந்த வாசமே அழைப்பிதழ். எலும்புத்தூள் உரமும் வேண்டாம். ரக்கூனும் ஸ்கங்கும் அதைத் தேடி வந்து பாத்தியையே புரட்டிவிடும். முதல் ஆண்டுப் பூவுக்கு வேண்டிய உணவு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது.

அணிலை விரட்டும் அதே நஞ்சு சமையலறைக்கும் பொருந்தும் என்பதால் ஓர் எச்சரிக்கை. டாஃபோடில் கிழங்கு வெங்காயத்தைப்போலவே இருக்கும். அதன் இளம் இலையை வெங்காயத்தாள் என்றோ பூண்டுத்தாள் என்றோ எண்ணிப் பறித்துவிடலாம். தின்றால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வெங்காயம் நடும் பாத்தியில் இதை நடாதீர்கள். வாங்கிய பையை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, அம்மம்மாவுக்குச் செடியைக் காட்டிச் சொல்லிவைப்பது நல்லது. கசக்கி முகர்ந்தால் வெங்காய மணம் வராது, அதுதான் அடையாளம்.

துலிப் வெல்லும் இடம்

நிறத்தில் டாஃபோடில் போட்டிக்கே வர முடியாது. மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள், மிஞ்சினால் ஒரு வெளிறிய இளஞ்சிவப்பு. துலிப்பில் உண்மையான நீலம் ஒன்றைத் தவிர எல்லாம் உண்டு. பூக்கும் காலமும் நீளம்: வகைகளைக் கலந்து நட்டால் ஏப்ரல் கடைசி முதல் மே முடிய ஓடும்.

மே மாதத்தில் ஒட்டாவாவுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தின் இளவரசி ஜூலியானா அங்கே அடைக்கலம் இருந்தார். 1943 ஜனவரியில் மகள் மார்க்ரீட் அங்கேதான் பிறந்தார். போர் முடிந்த 1945இல் நன்றியாக நெதர்லாந்து ஒரு லட்சம் கிழங்குகளை அனுப்பியது. 1953இலிருந்து அங்கே துலிப் விழா நடக்கிறது. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டில் துலிப் ஏன் தேய்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்தப் பாத்திகளில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதுக்கிழங்குதான் நடுகிறார்கள். அரசுத் தோட்டமே துலிப்பை ஓராண்டுச் செடியாகத்தான் நடத்துகிறது.

நாமும் அப்படியே நடத்தலாம்; நம் பின்வளவுக்கு அதுவே பொருந்தும். கிழங்குச்செடிகளின் இலையைப் பூ முடிந்தவுடன் வெட்டக்கூடாது. தானாக மஞ்சளாகும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், விட்டால்தான் அடுத்த ஆண்டுக்கான உணவு கிழங்குக்குள் இறங்கும். டாஃபோடிலின் இலை ஜூன் பிற்பகுதிவரை சாய்ந்து கிடக்கும். அதை முடிச்சுப் போட்டு வைப்பவர்களும் உண்டு. வெயில் படாமல் போகும், செய்யாதீர்கள். நம் வீடுகளிலோ மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து பனி பயம் விட்டதும் தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல் நாற்றெல்லாம் இடம் கேட்டு நிற்கும். வெயில்படும் ஒரே பாத்தியில் டாஃபோடில் இருந்தால் அதன் இலையா, மிளகாய் நாற்றா என்ற சண்டை ஆண்டுதோறும் வரும்.

அங்கே துலிப்பை நடுங்கள். சீக்கிரம் பூக்கும் வகையாகப் பார்த்து அக்டோபரில் நெருக்கமாக நட்டால், மே நடுவில் பூ முடியும். கிழங்கோடு பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டு நாற்றை வைக்கலாம். குவளைக்கும் தாராளமாக வெட்டலாம், இலையைக் காக்கும் கவலையே இல்லை. அதே பாத்தியில் அடுத்தடுத்து துலிப் நட்டு, இலையெல்லாம் கருகியதுபோல் சுருண்டால் அது பூசண நோய். சில ஆண்டுகளுக்கு இடத்தை மாற்றிவிட வேண்டும்.

துலிப்பையே நிரந்தரமாக வைக்க விரும்புகிறவர்கள் கிளிமூக்குத் துலிப், இதழ் அடுக்குத் துலிப் பக்கம் போகாதீர்கள். அவை பெரும்பாலும் ஒருமுறை விருந்தாளிகள். டார்வின் கலப்பினங்களான 'அப்பெல்டோர்ன்', 'பிங்க் இம்ப்ரெஷன்' போன்றவை சில ஆண்டு தாக்குப்பிடிக்கும். அதைவிடக் குட்டையான காட்டு இனங்கள், குறிப்பாக மஞ்சளும் வெள்ளையுமாக நட்சத்திரம்போல் விரியும் தார்டா, சரளை கலந்த மேட்டில் வைத்தால் பெருகவே செய்யும். படத்தில் எடுபடாது, அதனால் கடையிலும் மூலையில்தான் கிடக்கும்.

மற்றவர்கள்

குரோக்கஸ் எல்லாருக்கும் முந்தி, பனி உருகும்போதே வரும். அணிலுக்கு மிகப் பிடித்ததும் அதுதான்; தொம்மாசினியானஸ் என்ற மெல்லிய ஊதா இனத்தை மட்டும் அவ்வளவாகத் தொடாது என்பது தோட்டக்காரர்களின் அனுபவம். குங்குமப்பூ கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். அது இலையுதிர் காலத்தில் பூக்கும் வேறு இனம். ஹயசிந்த் மணத்துக்காக, மல்லிகையை விட்டு வந்த மூக்குக்கு வாசல்படியருகே பத்துக் கிழங்கு போதும். கையுறை போட்டு நடுங்கள், தோல் அரிக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து கதிர் மெலிந்துவிடும். மஸ்காரி மலிவு, நீலம், பெருகும், அணில் சீண்டாது.

நடும் நாள், நடும் ஆழம்

இரண்டுக்கும் ஆழக் கணக்கு ஒன்று: கிழங்கின் உயரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, கூர்முனை மேலே. டாஃபோடிலுக்கு 15 செ.மீ., துலிப்புக்கு 15 முதல் 20 செ.மீ. பையில் 12/+, 14/16 என்று இருப்பது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். பெரிதாக எடுத்தால் பெரிதாகப் பூக்கும். நாளில்தான் வேறுபாடு. டாஃபோடில் வேர்விட நேரம் எடுக்கும், எனவே செப்டம்பரிலேயே நட்டுவிடுவது நல்லது. துலிப்பை அக்டோபர் நடுவுக்கு முன் அவசரப்பட்டு நடத் தேவையில்லை. மண் குளிர்ந்த பிறகு நட்டால் பூசண நோயும் குறையும்.

பால்கனிக்காரர்களுக்குத் துலிப்பும் குட்டை டாஃபோடில் 'டேட்-ஆ-டேட்'டும் சமம். துலிப்புக்கு 9 பாகை செல்சியசுக்குக் கீழே 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும், டாஃபோடிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் தொட்டி நாலா பக்கமும் உறைந்து உருகினால் கிழங்கு அழுகும். சூடாக்காத கராஜ் இருந்தால் அங்கே வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் ஆப்பிளை வெளியே எடுத்துவிடுங்கள்; பழம் விடும் எத்திலீன் உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

வெட்டிய பூவை வைக்கும்போது மட்டும் இருவரையும் ஒரே குவளையில் உடனே சேர்க்காதீர்கள். டாஃபோடில் தண்டிலிருந்து வழியும் பசை துலிப்பை வாட்டும். தனித் தண்ணீரில் ஒரு நாள் வைத்து, தண்டை மறுபடி வெட்டாமல் சேர்த்தால் பிழைக்கும்.

இனி விலை. நவம்பரில் மிஞ்சிய கிழங்குகளைக் கடைகள் பாதி விலைக்குத் தள்ளிவிடும். துலிப் என்றால் தயங்காமல் வாங்கலாம். மண்ணில் கைக்கரண்டி இறங்கும்வரை நடலாம். அந்த நேரத்து டாஃபோடிலை நான் வாங்குவதில்லை, வேர்விட அவகாசம் போதாது. எதுவானாலும் பையின் மேலாக அமுக்கிப் பாருங்கள். தோலில் லேசான நீலப் பூசணம் இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். விரல் உள்ளே இறங்கினால் அரை விலையும் தண்டம்தான்.