மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் மாட்டப் போறீங்களா? பாஸ்வேர்டு கைக்கு வராம பாக்கியைக் கொடுக்காதீங்க

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மண்டபமோ, ஸ்கூல் ஆடிட்டோரியமோ, சர்ச் ஹாலோ வச்சிருக்கிறவங்க, எல்இடி வால், டிவி, மைக் எல்லாத்தையும் ஒரே பெட்டியில இணைக்கிற வேலையை யாருக்காவது கொடுக்கப் போறீங்கன்னா அட்வான்ஸுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ஆளோட பேரை இங்க போடல. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு, அது முடியட்டும்.

எங்க மண்டபம் காவேரிப்பட்டணம் பக்கம். தாலி கட்டுற நேரத்துல பாதிப் பேர் பந்தியில உக்காந்திருப்பாங்க, உங்களுக்கே தெரியும். மேடையில நடக்கிறது டைனிங் ஹால் டிவியிலயும் தெரியணும், கெட்டிமேளச் சத்தம் அங்கயும் கேக்கணும்னு பார்ட்டிங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுக்காக எட்டு இன்புட், எட்டு அவுட்புட் உள்ள மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் ஒண்ணு போட்டோம். வீடியோகிராபர் கேமரா, லேப்டாப், செட் டாப் பாக்ஸ்னு எது வந்தாலும் எந்தத் திரைக்கு வேணும்னாலும் அனுப்பலாம். ஆனா வயரைச் சொருகின உடனே அது வேலை செய்யாது. லேப்டாப்ல அதுக்குண்டான சாஃப்ட்வேரைத் திறந்து, எது எங்க போகணும், என்ன ரெசல்யூஷன்ல போகணும், சத்தத்தை எந்த இடத்துல பிரிச்சு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கணும்னு ஒவ்வொண்ணா செட் பண்ணணும். நாம காசு கொடுக்கிறது இந்த வேலைக்கும் சேத்துத்தான்.

வந்தவர் ஓசூர் பக்கத்து ஆள். டெமோ அமர்க்களமா இருந்துச்சு. அவரோட லேப்டாப்ல ஒரு பாட்டைப் போட்டாரு, எல்லாத் திரையிலயும் படம் பளிச்சுன்னு வந்துச்சு, சத்தம் தூள். நாங்களும் முக்கால்வாசிப் பணத்தைக் கொடுத்துட்டோம்.

வைகாசியில முதல் முகூர்த்தம். வீடியோகிராபர் கேமராவைச் சொருகினாரு. மேடை எல்இடி வால்ல படம் வந்துச்சு. டைனிங் ஹால்ல ரெண்டு டிவியும் ‘நோ சிக்னல்’. சத்தமும் இல்ல. பொண்ணோட சித்தப்பா கையில சாம்பார் வாளியோட வந்து, “என்னங்க, டிவிக்குத் தனியா காசு வாங்கிட்டு இப்படிப் பண்றீங்களே”ன்னு கேட்டாரு. என்னன்னு பதில் சொல்றது?

போன் பண்ணினா ஆள் மறுநாள் வந்தாரு. கேமராவை மாட்டச் சொல்லி அதோட மெனுவுக்குள்ள போய் என்னமோ மாத்தினாரு, டிவியில படம் வந்துடுச்சு. மிக்ஸர்ல இருந்து டைனிங் ஹால் ஆம்ப்ளிஃபயருக்கு நேரா ஒரு வயரை இழுத்து விட்டாரு, சத்தமும் வந்துடுச்சு. விசிட் சார்ஜ் 2,500. அடுத்த கல்யாணத்துக்கு வேற வீடியோகிராபர், வேற கேமரா, மறுபடியும் அதே ‘நோ சிக்னல்’. மறுபடி விசிட், மறுபடி 2,500. ரிசப்ஷன்ல போட்டோ ஸ்லைடு ஷோ போட லேப்டாப் கொண்டு வந்தாங்கன்னா படம் மட்டும் ஓடும், பாட்டு வராது. கடைசியில, “சார், பேசாம வருஷத்துக்கு 48,000 கட்டி ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக்கோங்க, தொந்தரவே இருக்காது”ன்னாரு.

எங்க அக்கா பையன் பெங்களூர்ல ஆபீஸ்களுக்கு கான்ஃபரன்ஸ் ரூம் போட்டுக் கொடுக்கிற வேலையில இருக்கான். ஆடி பதினெட்டுக்கு ஊருக்கு வந்தவனை, கொஞ்சம் பாருடான்னு கூட்டிட்டுப் போனேன். பெட்டியைத் தொடாமலே, “மாமா, ஈடிஐடி செட்டிங்கா இருக்கும்”னான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு டிவியும் தன்னோட ஜாதகத்தை, அதாவது எந்த ரெசல்யூஷன் தாங்கும், சத்தம் வாங்குமா வாங்காதாங்கிற விவரத்தை, சொருகின கேமராவுக்கோ லேப்டாப்புக்கோ காட்டும். அதைப் பாத்துத்தான் கேமரா படத்தை அனுப்பும். அந்த விவரத்துக்குப் பேர்தான் ஈடிஐடி. நடுவுல மேட்ரிக்ஸ் இருந்தா, யாரோட விவரத்தைக் காட்டுறதுன்னு நாமதான் சாஃப்ட்வேர்ல சொல்லணும். எங்க பெட்டியில எல்லா இன்புட்டுக்கும் எல்இடி வால் கன்ட்ரோலரோட விவரத்தையே காப்பி பண்ணி வச்சிருந்தாரு. அது 4கே, அதாவது ஃபுல் ஹெச்டியை விடப் பெரிய ரெசல்யூஷன் வாங்கும், ஆனா சத்தம் வாங்காத சாதனம். கேமரா அதை நம்பி 4கே படத்தை அனுப்புது, டைனிங் ஹால்ல இருக்கிறது ஃபுல் ஹெச்டி டிவி, அதால காட்ட முடியல. சத்தம் வேண்டாம்னு விவரத்துல இருக்கிறதால சத்தத்தை அனுப்பவே இல்ல. ரெண்டு கோளாறுக்கும் ஒரே காரணம்! டெமோ அன்னிக்கு அவர் லேப்டாப்பைக் கையாலயே 1080பி-க்கு, அதாவது ஃபுல் ஹெச்டிக்கு, மாத்தி வச்சுட்டு, ஹெட்போன் ஓட்டையில இருந்து மிக்ஸருக்குத் தனி வயர் கொடுத்திருந்தாரு. அந்த வயரை நானே பாத்தேன், அப்ப அதுக்கு அர்த்தம் தெரியல.

சரி பண்ணணும்னா சாஃப்ட்வேர்ல ஒரு பட்டியலைத் திறந்து ‘1080பி, ஸ்டீரியோ’ன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுத்தாப் போதும். ஆனா உள்ள போகவே முடியல. பாஸ்வேர்டை மாத்தி, முன்பக்க பட்டனையும் லாக் பண்ணி வச்சிருந்தாரு. போன் பண்ணிக் கேட்டா, “கான்ஃபிக் ஃபைல் (செட்டிங் எல்லாம் சேமிச்ச ஃபைல்) எங்க கம்பெனி சொத்து சார், ஏஎம்சி போட்டா தர்றோம்.” பெட்டி நம்முது, பில் நம்ம பேர்ல, 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டினது நாம. சாவி மட்டும் அவர்கிட்ட!

ஆடியில முகூர்த்தம் இல்லாததால துணிஞ்சு ஃபேக்டரி ரீசெட் பண்ணினோம். எல்லா செட்டிங்கும் அழிஞ்சு போச்சு. எந்த வயர் எங்க போகுதுன்னு லேபிள்கூட ஒட்டாததால, ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்துக் கண்டுபிடிச்சோம். ரீசெட்டுக்கு அப்புறம் எங்க பெட்டி 192.168.1-ல ஆரம்பிக்கிற நெட்வொர்க் முகவரிக்குத் (ஐபி) திரும்பிடுச்சு. லேப்டாப்புக்கும் அதே வரிசையில ஒரு ஐபி எண்ணைக் கையால கொடுத்தாத்தான் சாஃப்ட்வேர் பெட்டியைக் கண்டுபிடிக்கும். இது மேனுவல்லயே இருக்கு. அந்த மேனுவலையும் அவர் எங்ககிட்ட கொடுக்கல, பையன் நெட்ல தேடி எடுத்தான். இப்ப எல்லாம் ஒழுங்கா ஓடுது. செட் டாப் பாக்ஸ் மட்டும் எல்இடி வால்ல வராது. அது ஹெச்டிசிபி-ங்கிற காப்பிப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கன்ட்ரோலர் அதை ஏத்துக்கிற மாடலா இருக்கணும். அதுக்கு இந்த ஆளைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

கேபிள்ல இன்னொரு வேலை பண்ணியிருக்காரு. படத்தைக் கொண்டு போற நெட்வொர்க் கேபிளுக்குக் கொட்டேஷன்ல ‘ப்யூர் காப்பர் கேட் 6’னு போட்டிருந்தாரு. ஒரு முனையை வெட்டி, கம்பியை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா இருக்கு. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின சிசிஏ கேபிள். டைனிங் ஹால் வரைக்கும் படத்தைக் கொண்டு போற தூரத்துக்கு இது நம்பிக்கையில்ல. டிவி அப்பப்ப கண் சிமிட்டினதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு பையன் சொல்றான்.

அதனால ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்துல வாங்கிடுங்க: அட்மின் பாஸ்வேர்டு, கான்ஃபிக் பேக்கப் பென் டிரைவ்ல, சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர், ஐபி முகவரி, வயர் போற வழிக்கு ஒரு படம். இது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணைன்னு எழுதுங்க. டெமோவுக்கு அவர் லேப்டாப் வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச வீடியோகிராபரைக் கேமராவோட வரச் சொல்லுங்க. அந்த பேக்கப் ஃபைலை உங்க கண் முன்னாடியே ஒரு தடவை ஏத்திக் காட்டச் சொல்லுங்க, சும்மா காலி ஃபைலைக் கொடுத்துட்டுப் போறவங்களும் உண்டு.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாமான்னு நிறைய பேர் கேட்டாங்க. மண்டபம் லாபத்துக்கு நடத்துறதால, ‘வணிக நோக்கம்’னு சொல்லி எதிர்த்தரப்பு நுகர்வோர் ஆணையத்துல தப்பிக்கப் பாக்கும்னு வக்கீல் சொன்னாரு. வீட்டுக்கு ஹோம் தியேட்டர் போட்டு இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல, தாராளமா போகலாம். எங்களுக்கு இப்ப நோட்டீஸ் வழிதான். ரீசெட் பண்ணினதால வாரண்டி போச்சு, பாக்கியை உடனே கட்டணும்னு அந்த ஓசூர் ஆள் பதில் அனுப்பியிருக்காரு. கட்டப் போறதில்ல. பில், கொட்டேஷன், சுரண்டின கேபிள் துண்டு எல்லாம் ஆபீஸ் ரூம்லதான் இருக்கு. பாக்கணும்னா வாங்க, முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து.