ஸ்டிக்கர் கதவில் ஒட்டியாயிற்று, குளியலறை வரை வருமா?

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ். எழுந்து நடக்க முடியாதவர்கள், மறதிநோய் வந்தவர்கள், தானாகச் சாப்பிட முடியாதவர்கள் என்று பெரும்பாலும் கடைசிவரை எங்களிடமே இருக்கப்போகிறவர்கள்தான் இங்கே. எங்கள் நிர்வாகம் சமீபத்தில் ஒரு பயிற்சியைக் காசு கொடுத்து வாங்கியது. கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி என்று வாழ்ந்து வயதானவர்களை எப்படிப் பராமரிப்பது என்று ஊழியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி. ஆன்லைனில் சில பாடங்கள், பயிற்சியாளர் நேரில் வந்து நடத்தும் முழுநாள் வகுப்பு, முடித்ததும் சான்றிதழ், வாசல் கதவுக்கு ஒரு வானவில் ஸ்டிக்கர். நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த இல்லம் என்று தெரிந்துவிடும், அப்புறம் உள்ளே இருப்பவர் யார் என்பதும் தெரிந்துவிடும். இதில் வரும் ஆட்களின் அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

ஆன்லைன் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘அடுத்து’ என்ற பட்டனை அழுத்திக்கொண்டே போனால் முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டே முடித்தார்கள்.

நேரடி வகுப்பு வேறு ரகம். பயிற்சியாளர் ஒரு நீளமான தாளைச் சுவரில் ஒட்டி, இன்று 85 வயதான ஒருவரின் வாழ்க்கையை அதில் கோடாக வரையச் சொன்னார். 1940 வாக்கில் பிறந்தவர். இங்கிலாந்தில் இரண்டு ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் மாறியது 1967இல். அப்போது அவருக்கு 27. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல், வயது 33. உலக சுகாதார நிறுவனம் எடுத்தபோது 1990, ஆளுக்கு ஐம்பது ஆகிவிட்டது. ஜெர்மனியில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவு முழுதாக ஒழிந்தது 1994இல்தான். இந்தத் தலைமுறையில் சிலருக்கு ‘குணப்படுத்துகிறோம்’ என்று மின்சார அதிர்ச்சி கொடுத்ததும் உண்டு, கொடுத்தவர்கள் டாக்டர்களும் நர்ஸ்களும்தான். எங்கள் சீனியர் சிஸ்டர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ நம்ம யூனிஃபார்மைப் பார்த்தாலே பயம் வருமே” என்றார். ஸ்லைடுகளில் எழுதி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குக் கிட்டே வரவில்லை.

எங்கள் மேனேஜர் வழக்கமாகச் சொல்வது, “நம்ம இல்லத்துல அப்படி யாரும் இல்லையே.” வகுப்பிலும் சொன்னார். அதற்குப் பயிற்சியாளர் ஒரு கணக்கைக் காட்டினார். அமெரிக்காவில் 2011இல் வந்த ஆய்வறிக்கை ஒன்று. முதியவர்கள், குடும்பத்தார், பராமரிப்பவர்கள் என 769 பேரிடம் கேட்டதில், பால்புதுமை (கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி போன்ற) முதியவர் ஒருவர் இல்லத்து ஊழியர்களிடம் வெளிப்படையாக இருக்க முடியும் என்றவர்கள் 22 சதவீதம்தான். இல்லாமலில்லை, சொல்லாமல் இருக்கிறார்கள். மேனேஜர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொருவர் எழுந்து, “என் மதத்துல இதை ஒத்துக்கமாட்டாங்களே” என்று கேட்டார். கேட்டதே நல்லது என்பேன். பலர் மனதில் இருந்தது அதுதான். “உங்க நம்பிக்கையை யாரும் மாத்தச் சொல்லல. டயப்பர் மாத்துறதுல வித்தியாசம் காட்டக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் பயிற்சியாளர். ஆஸ்திரேலியாவில் 2013இல் சட்டமே அப்படி மாறியது: மத்திய அரசின் பணம் வாங்கும் முதியோர் இல்லத்தை மத அமைப்பு நடத்தினாலும், பராமரிப்பு தருவதில் பாகுபாடு காட்டக்கூடாது.

பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கக்கூடிய பகுதி, மற்ற முதியவர்களை எப்படிச் சமாளிப்பது என்பது. அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் மார்ஷா வெட்ஸல் வழக்கு. முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த துணைவி இறந்தபின் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு முதியோர் குடியிருப்புக்கு 2014இல் வந்தவர். லெஸ்பியன் என்று தெரிந்ததும் உடன் இருப்பவர்கள் திட்டினார்கள், துப்பினார்கள், அடித்தார்கள், நிர்வாகத்திடம் சொன்னபோது அவர்கள் தன்னைத்தான் ஒதுக்கினார்கள் என்பது அவர் புகார். இப்படி நடப்பது தெரிந்தும் தடுக்காமலிருந்தால் வீட்டுவசதிச் சட்டப்படி நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டிவரும் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதை வைத்து நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் சாப்பாட்டு மேஜையில், “அவங்க பக்கத்துல நான் உட்கார மாட்டேன்” என்கிறார். நாம் பொதுவாக என்ன செய்வோம்? வம்பு வேண்டாம் என்று, வாயில்லாதவரைத்தானே நகர்த்துவோம். இங்கே சொல்லித்தந்தது இது: “உங்களுக்கு வேற மேஜைக்குப் போகணும்னா நான் கூட்டிட்டுப் போறேன். அவங்க இங்கேதான் சாப்பிடுவாங்க.” குரலை உயர்த்தாமல், சிரிக்காமல், ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம். நான் அதற்கப்புறம் நிஜமாகவே சொல்லியிருக்கிறேன். வேலை செய்கிறது.

இனி குறைகளுக்கு வருகிறேன். பயிற்சியோடு ஒரு புதிய சேர்க்கைப் படிவமும் வந்தது. ‘கணவர்/மனைவி’ இருந்த இடத்தில் ‘துணைவர்’; சரி, நல்லது. ‘அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்’ என்பதில் உறவுமுறை கேட்காமல் பெயரை மட்டும் கேட்கிறது, இன்னும் நல்லது. பல வருடத் துணையை ‘ஃபிரெண்ட்’ என்று எழுதிவிட்டு, அந்த முதியவருக்கு உடம்பு முடியாமல் போகும்போது யாரோ ஒரு தூரத்து அண்ணன் மகனுக்கு போன் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே படிவத்தில் ‘உங்கள் பாலீர்ப்பு எது?’ என்று ஒரு கேள்வி, கீழே கட்டங்கள். இதைக் கேட்பது முன் அலுவலகத்தில். பையோடு மகன் பக்கத்தில் நிற்கிறார், மருமகள் இருக்கிறார், அம்மாவுக்கு அன்றுதான் வீடு போயிருக்கிறது. அந்தக் கட்டத்தில் யார் டிக் போடுவார்?

போட்டாலும் தாள் எங்கே போகிறது? ஃபைலுக்கு. ஃபைலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். டூட்டி மாறும்போது மருந்து, மோஷன், சுகர் எல்லாம் சொல்லி முடித்தபின், “அந்தக் கடைசி ரூம் தெரியுமா?” என்று ஒருவர் ஆரம்பிக்கத்தான் செய்வார். ‘கேளுங்கள், பதிவு செய்யுங்கள்’ என்கிறது பயிற்சி. பதிவு செய்ததை யார் படிக்கலாம் என்று கேட்டேன். “அது உங்க இல்லத்தோட கொள்கைப்படி” என்றார் பயிற்சியாளர். எங்கள் இல்லத்தில் அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது. சில வாரம் பழகியபின், தனியாக, அதுவும் அவருக்கு இஷ்டமிருந்தால் சொல்லட்டும் என்று விடுவதுதான் சரி என்பது என் கட்சி.

அடுத்தது குளியலறை. இந்தப் பயிற்சி வாசலிலேயே நின்றுவிட்ட இடம். எங்களிடம் திருநங்கை ஒருவர் இருக்கிறார், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கு முகத்தில் முடி வளரும். கை ஓடிய காலத்தில் தினமும் விடியுமுன் எழுந்து தானே ஷேவ் செய்துகொண்டவர். எங்கள் அட்டவணையில் ஷேவிங் என்பது ஆண்களுக்கானது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆள் பற்றாக்குறை என்றால் அதுவும் தள்ளிப்போகும். ஆண்களுக்குத் தாடி நாலு நாள் வளர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இவர் அன்றைக்குப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, டிபனும் வேண்டாம், ஹாலுக்கும் வரமாட்டேன் என்று படுத்திருப்பார். “சிஸ்டர், ஷேவ் பண்ணிட்டு அப்புறம் லைட்டைப் போடுங்களேன்” என்பார். இதற்கு வேண்டியது வானவில் ஸ்டிக்கர் அல்ல; கேர் பிளானில் ‘தினமும், காலை டிபனுக்கு முன்’ என்று ஒரு வரி, டூட்டி சார்ட்டில் அதற்குப் பத்து நிமிடம். பயிற்சியில் மரியாதையான விளிப்பு பற்றி அத்தனை ஸ்லைடுகள், இதற்கு ஒன்றுமில்லை. அவருடைய ஹார்மோன் மாத்திரையை யார் தொடர்வது, அவருக்கும் புராஸ்டேட் இருக்கிறது என்பதை கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் பேச்சிலேயே வரவில்லை.

எச்ஐவியும் வரவில்லை. மருந்து ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிக்கிறவரிடமிருந்து உடலுறவில்கூடப் பரவாது. அப்படிப்பட்ட ஒருவருக்குச் சோறு ஊட்ட இரட்டைக் கையுறை போடுகிற ஊழியர்கள் இன்றும் உண்டு. ஒரு கால்மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

மறதிநோய்க்கு ஒரே ஒரு ஸ்லைடு. யாரிடம் சொன்னோம், யாரிடம் மறைத்தோம் என்பதே மறந்துபோகிற ஒருவர், வாழ்நாள் முழுக்கக் காத்ததை வருகையாளர்கள் முன்னால் சொல்லிவிடலாம். திருநங்கை ஒருவர் சில நாள் பழைய பெயரில் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறாரோ அதன்படி போங்கள், நினைவு நன்றாக இருக்கும்போதே அவர் விருப்பத்தை எழுதி வாங்கி வையுங்கள் என்றார்கள். சரியான ஆலோசனைதான். ஆனால் எழுதி வைத்ததும் இன்று அவர் சொல்வதும் மோதினால் எதைக் கேட்பது? அதற்குள் மதியச் சாப்பாட்டு இடைவேளை வந்துவிட்டது.

‘இவர்களுக்கென்று தனி இல்லங்கள்தான் இருக்கின்றனவே’ என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கின்றன. ஹாலிவுட்டில் டிரயாங்கிள் ஸ்கொயர் 2007இல் திறந்தது, நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்டோன்வால் ஹவுஸ் 145 வீடுகளோடு 2019இல். இவையெல்லாம் தானாக நடமாடுகிறவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள். குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் பெரும்பாலும் எங்களைப் போன்ற சாதாரண இல்லத்துக்குத்தான் வரவேண்டும். பெர்லினில் 2012இல் தொடங்கிய லேபன்ஸோர்ட் ஃபீல்ஃபால்ட் ஒரு விதிவிலக்கு. அதே கட்டடத்தில் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் ஒரு கூட்டுக் குடியிருப்பு வைத்திருக்கிறார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. நேரடி வகுப்புக்காக வாங்கலாம். ஸ்டிக்கருக்காக வாங்கவேண்டாம். நெதர்லாந்தில் ‘இளஞ்சிவப்புக் கம்பளம்’ என்ற பொருளில் ஒரு சான்று தருகிறார்கள். அது வகுப்பில் உட்கார்ந்ததற்கு அல்ல, வெளியாட்கள் வந்து இல்லத்தையே சோதித்துப் பார்த்துத் தருவது. எங்கள் ஸ்டிக்கரை யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. பயிற்சிக்கு அனுப்பியதும் நர்ஸ்களையும் ஆபீஸ்காரர்களையும் மட்டும். துப்புரவுப் பணியாளர்கள், சமையல்கட்டு, ஏஜென்சி மூலம் வரும் நைட் டூட்டி ஆட்கள் யாருக்கும் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு ஈரமான படுக்கையை மாற்றப்போவது அவர்கள்தான்.

வாங்க நினைக்கும் இல்லங்கள் கையெழுத்துப் போடுமுன் இரவு ஷிப்டுக்கும் ஒரு வகுப்பு கேளுங்கள், உடல் பராமரிப்புப் பகுதி இருக்கிறதா என்று பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்பா அம்மாவையோ, வயதான நண்பரையோ சேர்க்க வருகிறவர்கள் கதவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “ராத்திரி டூட்டியில யார் இருப்பாங்க, அவங்களுக்கு இந்தப் பயிற்சி உண்டா?” என்று கேளுங்கள். இப்போதைக்கு எங்கள் இல்லத்தில் பதில் ‘இல்லை’. இரவு வகுப்புக்குத் தனிக் கட்டணம் என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது, மேனேஜர் “அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்” என்கிறார்.