வேக்குவம் கேஜே வைக்காமல் பார்ட்ஸ் மாற்றுகிற ஒர்க்‌ஷாப்: உஷார்

ஃபோர் வீல் டிரைவ் டிரக் வைத்திருப்பவர்கள், முன்சக்கரப் பக்கம் கரகரவென்று அரைக்கிற சத்தம் கேட்டால், சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டியில் டூ வீல் டிரைவில் மேடு ஏறும்போது அந்தச் சத்தம் வரும், ஃபோர் வீலுக்கு மாற்றினால் நின்றுவிடும். இதைத் தெளிவாகச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். வீல் பேரிங் என்று மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் இரண்டு பக்க ஹப் ஆக்சுவேட்டரும் (முன்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பை டிரைவ் அச்சோடு பூட்டி விலக்குகிற பாகம்) போச்சு என்று புதிது போட்டு பில் நீட்டினார்கள், அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கணும் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டேன்.

அவர் முதலில் கையில் எடுத்ததே வேக்குவம் கேஜ்தான், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவத்தை முள்ளில் காட்டும் மீட்டர். 2004-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எஃப்-150 மாதிரியான வண்டிகளில் டூ வீல் ஓட்டத்தின்போது இன்ஜின் வேக்குவம்தான் ஹப்பை விலக்கிப் பிடித்திருக்கும், வேக்குவம் போனால் ஸ்பிரிங் தள்ளி ஹப் பூட்டிக்கொள்ளும். என் வண்டியும் அந்த வகைதான். (சில வண்டிகளில் இது தலைகீழ், வேக்குவம் வந்தால்தான் பூட்டும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.) வேக்குவம் அரைகுறையாக இருந்தால் ஹப் விலகவும் செய்யாது, முழுசாகப் பூட்டவும் செய்யாது, பல்லும் பல்லும் உரசும். ஃபோர் வீலில் முழுசாகப் பூட்டிக்கொள்வதால்தான் சத்தம் நிற்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் ஐடிலில் சுமார் 17 முதல் 22 இன்ச் (பாதரச அளவில்) வரை வேக்குவம் இருக்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மளமளவென்று இறங்கும். அந்த நேரத்தில் சேர்த்துவைத்ததை விடாமல் காப்பது ஒரு சின்ன டேங்கும், காற்றை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற செக் வால்வும். என் வண்டியில் ஐடிலில் முள் சரியாக நின்றது, ரேஸ் கொடுத்ததும் டேங்க் பக்கத்து முள்ளும் கூடவே விழுந்தது. செக் வால்வு போயிருந்தது, பக்கத்து ரப்பர் எல்போவிலும் (வளைந்த குழாய் இணைப்பு) விரிசல். இரண்டும் விரல் அளவு சாமான்கள்!

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், பழைய ஒர்க்‌ஷாப் பில்லில் 'வேக்குவம் செக்கப்' என்று தனியாகக் கூலி போட்டிருந்தது. ரீடிங் எதுவும் எழுதவில்லை. அந்த எல்போவின் மேல் படிந்திருந்த அழுக்கில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அதைவிட மோசம், லீக்கைச் சரிசெய்யாமல் போட்டதால் புது ஆக்சுவேட்டரின் பற்களும் தேய ஆரம்பித்துவிட்டன. கழற்றிய பழையதைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றார்கள், அதாவது அது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்று இனி யாரும் சோதிக்க முடியாது.

ஆக்சுவேட்டர் மாற்றணும் என்று யார் சொன்னாலும், அதன் குழாயில் கேஜ் உள்ள ஹேண்ட் பம்ப் வைத்து உங்கள் கண்முன் வேக்குவம் இழுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் முள் இறங்காமல் நின்றால் அதன் டயாஃப்ரமில் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) லீக் இல்லை, லீக் வேறு எங்கோ இருக்கிறது. ரீடிங்கை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பழைய பார்ட்ஸ் வேண்டும் என்று வண்டி விடும்போதே சொல்லிவிடுங்கள். செக்கப் கூலியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.